முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்

நம் சங்கத்தின் பொங்கல் விழாக் கட்டுரைப் போட்டிக்கு நடுவராக உட்காருவது எனக்குப் பழகிப்போன வேலை. சிவப்பு மை பேனா ஒன்று, மூக்குக் கண்ணாடி, சங்கச் செயலாளர் வீட்டுக் காபி, இவை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் கட்டு முழுவதையும் திருத்திவிடலாம். பிள்ளைகள் எழுதுவதை முழுக்கப் படிக்காமலே மதிப்பெண் போட்டுவிடும் அளவுக்குக் கை பழகிவிட்டது. அது பெருமைக்காகச் சொல்வதல்ல. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

சென்ற போட்டியில் கொடுத்த தலைப்பு 'தண்ணீர்'. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு. வழக்கம்போல் ஒரு மாதத்துக்கு முன்பே தலைப்பை அறிவித்துவிட்டோம். அன்று மண்டபத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் வந்தன. மும்பையில் பிறந்து வளர்ந்து, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் படிக்கிற குழந்தைகள் தமிழில் இரண்டு பக்கம் எழுதுகிறார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை. அதற்காக அந்தப் பெற்றோருக்கு நான் கைகூப்பத் தயார்.

ஆனால் தாள்களைப் பிரித்தால்? ஏறக்குறைய எல்லாத் தாளிலும் முதல் வரி, மழையைப் பற்றிய அதே ஒரு குறள். இரண்டாவது பத்தியில் பூமியில் முக்கால் பங்கு நீர். மூன்றாவது பத்தியில் காவிரி. நான்காவதில் மழைநீர் சேமிப்பு. கடைசியில் 'நீரைக் காப்போம், நாட்டைக் காப்போம்'. முப்பதாவது தாளைத் திருத்தும்போது எனக்கே தாகம் எடுத்துவிட்டது! ஒரு குழந்தைகூடத் தன் வீட்டுக் குழாயைப் பற்றி எழுதவில்லை.

ஒரே ஒரு பெண்ணைத் தவிர.

சயான் கோலிவாடா பக்கத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண். தோழியுடன் கூட வந்தவளை, 'நீயும் எழுதேன்' என்று அன்றுதான் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே அவளுக்குத் தலைப்பு முன்கூட்டித் தெரியாது. மனப்பாடம் செய்து வர யாரும் சொல்லவில்லை. அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம். விடியற்காலை நாலரை மணிக்குத் தண்ணீர் வரும். அம்மாதான் எழுந்திருப்பாள். பக்கத்து வீட்டு மாவ்ஷி கதவைத் தட்டி 'பாணி ஆலா' என்பாள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு நீல டிரம், நான்கு குடம், குடிப்பதற்கு இரண்டு எவர்சில்வர் பாத்திரம். ஊரில் பாட்டி இறந்தபோது அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிக்குப் போய்விட்டார்கள். இவளும் தம்பியும் மட்டும் இங்கே. அந்தப் பன்னிரண்டு நாளும் மாவ்ஷியே இவர்கள் டிரம்மையும் நிரப்பினாள். கட்டுரை இப்படி முடிந்திருந்தது: மாவ்ஷிக்கு இடுப்பு வலி உண்டு, ஆனால் எங்களை எழுப்பவில்லை.

அவ்வளவுதான். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, உட்தலைப்பு இல்லை. எழுத்துப் பிழைகள் இருபத்தேழு, நானே எண்ணினேன். 'நிரப்பினாள்' என்பதில் றகரம். 'குழாய்' என்பதில் ளகரம். நடுவர்கள் மூவரும் பேசி, அதற்குப் பரிசு இல்லை என்று முடிவு செய்தோம். முதல் பரிசு குறளில் தொடங்கி நாட்டைக் காத்து முடித்த ஒரு தாளுக்குப் போயிற்று. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பரிசு வாங்க மேடைக்கு வந்த அந்தப் பையனிடம் விழாத் தலைவர் ஆசையாக, 'நீராதாரம் என்று எழுதியிருக்கிறாயே, அப்படி என்றால் என்ன தம்பி?' என்று கேட்டார். பையன் அம்மாவைப் பார்த்தான். கூட்டம் சிரித்தது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் நாங்கள் கேட்டதைத்தான் கொடுத்தான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தலைப்புக் கொடுத்தால் அதை எப்படித் திட்டமிட்டு எழுதுவது என்பதை நாம் யாரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற மூன்று காலிப் பெட்டிகளைக் கொடுத்து, எதையாவது போட்டு நிரப்பு என்கிறோம். பெட்டி சரிதான். உள்ளே வைக்க வேண்டிய பொருள் எங்கிருந்து வரும் என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

இங்கே பள்ளியில் பிள்ளைகள் எழுதும் மராத்தி, இந்தி 'நிபந்த்'தைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் ஒரு நாள், நான் முதலமைச்சரானால், ஒரு நதியின் தன்வரலாறு என்று அவர்களுக்கும் காலங்காலமாக வரும் தலைப்புகள் உண்டு. அவற்றுக்கும் கைடு புத்தகம் உண்டு. நோய் நம் வீட்டில் மட்டும் இல்லை என்று ஓர் ஆறுதல். ஆனால் அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நிபந்தம் என்றால் வடமொழியில் கட்டப்பட்டது என்று பொருள். நம் கட்டுரையும் கட்டு, உரை. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே காரியத்தைத்தான் நினைத்திருக்கிறார்கள்: கட்டுவது. மாதுங்காவில் கோயில் வாசலில் பூக்காரம்மா பூக் கட்டுவதைப் பாருங்கள். பூவை அவர் கையில் எடுப்பதற்கு முன்பே நாரோ நூலோ விரலில் ஏறிவிடும். நார் இல்லாமல் பூவை மட்டும் சேர்த்தால் அது குவியல், காற்றடித்தால் போச்சு. நம் பிள்ளைகள் குறள், காவிரி, முக்கால் பங்கு என்று நல்ல பூவாகத்தான் கொண்டு வருகிறார்கள். நார் எங்கே?

நார் என்பது ஒரு கேள்வி. தலைப்பு ஒரு சொல்லாக இருக்கும்; அதைக் கேள்வியாக மாற்றாதவரை எழுத முடியாது, எழுதினாலும் அது பட்டியலாகவே இருக்கும். 'தண்ணீர்' என்பதைப் பற்றி யாராலும் கட்டுரை எழுத முடியாது. ஐந்நூறு பக்கப் புத்தகம் வேண்டுமானால் எழுதலாம், அதுவும் முடியாது. ஆனால் 'மும்பையில் தெருவெல்லாம் வெள்ளம் ஓடும் மாதத்தில் எங்கள் குழாயில் ஏன் தண்ணீர் குறைகிறது?' என்று கேட்டால் எழுதலாம். இது நம் ஊர்க் குழந்தை ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்திருக்கிற விஷயம்.

அதையே எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரப் போட்டியில் ஒரு பிள்ளை எப்படி வேலை செய்யலாம் என்று சொல்லிப் பார்க்கிறேன். முதல் கால் மணி நேரம் விடைத்தாளைத் தொடக் கூடாது. ஒரு துண்டுத் தாள் போதும். அதன் தலையில் அந்தக் கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு, அதைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை எல்லாம், வரிசை பார்க்காமல், வாக்கியம்கூட ஆக்காமல், துண்டு துண்டாக எழுத வேண்டும். இதில் மூன்று வகை வரும். தான் கண்டது, பெரியவர்களைக் கேட்டது, படித்தது. மூன்றும் வேண்டும். கண்டது மட்டும் இருந்தால் டைரி ஆகிவிடும். படித்தது மட்டும் இருந்தால் நான் திருத்திய அந்த முப்பது தாள்கள்.

கண்டது: நாலரை மணிக் குழாய், டிரம், மழை நாளில் தண்டவாளத்தில் நீர் நின்று ரயில் ஓடாதது. கேட்டது: 2005 ஜூலை 26-ஆம் தேதி அப்பா ஆபீசிலிருந்து இடுப்பளவு நீரில் நடந்து வீட்டுக்கு வந்த கதை, அது இல்லாத மும்பைத் தமிழ்க் குடும்பம் உண்டா? படித்தது: அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மும்பைக்குக் குடிநீர் தருபவை ஏழு ஏரிகள். துளசி, விஹார், தான்சா, மோடக் சாகர், மேல் வைதரணா, நடு வைதரணா, பாட்சா. இவற்றில் விஹாரும் துளசியும் மட்டும்தான் நகரத்துக்குள், போரிவலி தேசியப் பூங்காக் காட்டில் இருக்கின்றன. அவையும் சிறியவை. மற்ற ஐந்தும் தாணே, நாசிக் பக்கத்து மலைகளில், வெகு தூரத்தில். விஹார் 1860-இல் வந்தது, தான்சா 1892-இல், நடு வைதரணா 2014-இல்.

இப்போது விடை தானாக வந்துவிட்டது பார்த்தீர்களா? நகரத்தில் கொட்டும் மழை சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. நாம் குடிக்கும் தண்ணீர் வேறெங்கோ மலையில் பெய்து, குழாய் வழியாக வர வேண்டியது. அங்கே மழை தாமதமானால், இங்கே குடை பிடித்துக்கொண்டு நின்றாலும் குழாயில் காற்றுதான் வரும். 2024 ஜூன் மாதம் மாநகராட்சி 10 சதவீதம் தண்ணீரைக் குறைத்ததும் ஏரிகள் வற்றியதால்தான். மழைக்காலம் முழுவதும் பத்திரிகைகள் ஏழு ஏரிகளின் நீர்மட்டத்தை ஏன் அச்சடிக்கின்றன என்பது இதுவரை புரியாத பிள்ளைக்கு இந்தத் துண்டுத் தாளிலேயே புரிந்துவிடும். கட்டுரை எழுதுவதனால் எழுதுகிறவனுக்கே ஒன்று தெரியவர வேண்டும். தெரியவில்லை என்றால் அது கட்டுரை இல்லை, கையெழுத்துப் பயிற்சி.

அடுத்தது கடினமான வேலை, பெரியவர்களுக்கே கடினம். துண்டுத் தாளில் எழுதியதில் பாதியை அடிக்க வேண்டும். கேள்விக்கு உதவாததெல்லாம் போக வேண்டும். பூமியின் முக்கால் பங்கு நீர், போகட்டும். காவிரி, எவ்வளவு பிரியமாக இருந்தாலும் இந்தக் கட்டுரையில் இடமில்லை, போகட்டும். குறள்? குறளை அடிக்கச் சொன்னால் என்னைச் சங்கத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஆனாலும் சொல்கிறேன்: அந்தக் குறள் இந்தக் கேள்விக்கு என்ன செய்கிறது என்று பிள்ளையால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் வேண்டாம். வள்ளுவரை வாசலில் கூர்க்காவாக நிறுத்துவது அவருக்கு மரியாதை அல்ல.

மிச்சம் இருப்பவற்றுக்கு 1, 2, 3 என்று எண் போட வேண்டும். எது முதலில் வந்தால் அடுத்தது புரியும் என்பது ஒன்றுதான் அளவுகோல். ஏரிகள் தொலைவில் இருக்கின்றன என்று சொல்லாமல், மழை பெய்தும் தண்ணீர் இல்லை என்பதை விளக்க முடியாது. ஆகவே ஏரி முன்னே, வெட்டு பின்னே. இது சமையல் மாதிரிதான். தாளித்துவிட்டு எண்ணெய் ஊற்ற முடியுமா?

பிறகு எழுத உட்கார வேண்டும். இங்கேதான் நான் தலைப்பில் வைத்த விஷயம். முன்னுரைக்கு ஐந்தாறு வரி இடம் விட்டுவிட்டு, நேரே பொருளில் தொடங்கச் சொல்லுங்கள். என்ன சொல்லப்போகிறோம் என்று எழுதி முடித்த பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகு முன்னுரை எழுதினால் அது இரண்டு வரியில் கச்சிதமாக வந்து விழும். முதலில் எழுதினால், தலைப்பின் பெருமையைப் பாடுவதைத் தவிர வேறு வழி இல்லை. பலருக்குப் பாதி நேரம் அந்தப் பாட்டிலேயே போய்விடுகிறது. தாளின் முதல் பக்கம் முழுவதும் அலங்காரமாக இருந்து, கடைசிப் பக்கத்தில் பையன் மூச்சிரைக்க ஓடியிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இந்தக் குறைக்கு நம் முன்னோர் பெயரே வைத்திருக்கிறார்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குப் பத்துக் குற்றங்களை வகுத்திருக்கிறார். தொடக்கத்தில் வேகமாகப் போய்ப் போகப்போகத் தேய்ந்து முடிவதற்கு 'சென்று தேய்ந்து இறுதல்'. சொன்னதையே சொல்வது 'கூறியது கூறல்'. எடுத்த பொருளை விட்டு இன்னொன்றை விரிப்பது 'மற்றொன்று விரித்தல்', அதாவது மும்பைக் குழாய்க் கட்டுரையில் காவிரி. பொருளே இல்லாமல் சொல்லை மட்டும் தொடுத்துக்கொண்டு போவதற்கு 'வெற்றெனத் தொடுத்தல்' என்று பெயர். எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன் எழுதியவர் நம் போட்டித் தாள்களை எப்படிப் பார்த்தார் என்று எனக்கு ஆச்சரியம்! (இன்னொன்று: பவணந்தியை எழுதச் சொன்ன சீயகங்கன், கோலாரோடு தொடர்புடைய கங்க மரபைச் சேர்ந்தவன். தமிழ் இலக்கணத்தை வளர்த்ததில் வெளியூர்க்காரர்களுக்குப் பங்கு உண்டு என்று நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.) அந்தப் பத்தில் எழுத்துப் பிழையைத் தனியாக ஒரு குற்றமாக அவர் வைக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அதற்கு அவர் எழுத்ததிகாரமே எழுதியிருக்கிறார் என்று நீங்கள் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன்.

முடிவுரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேள்விக்கு விடை வந்ததும் நிறுத்த வேண்டும். சபதம் எடுக்க வேண்டாம்.

மாதிரிக்கு ஏதாவது படிக்க வேண்டும் என்றால், பிள்ளைகளிடம் பொதுக்கட்டுரைத் தொகுப்புகளைக் கொடுக்காதீர்கள். உ.வே.சாமிநாதையரின் 'நினைவு மஞ்சரி', 'நான் கண்டதும் கேட்டதும்' போன்ற தொகுதிகளைக் கொடுங்கள். அவ்வளவு பெரிய பண்டிதர், ஒரு சின்னச் சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு எளிமையாகச் சொல்கிறார் என்று பார்க்கட்டும். கண்டதும் கேட்டதும் என்று புத்தகத்துக்கே பெயர் வைத்தாரே, அதைவிடச் சுருக்கமாக நான் என்ன சொல்லிவிட முடியும்? வ.ரா.வின் நடைச்சித்திரங்களும் நல்லவை. தெருவில் போகிற சாதாரண மனிதர்களை நிறுத்தி வைத்து எழுதியவர்.

இதையெல்லாம் சங்கத்தின் செயற்குழுவில் வாய்மொழியாகச் சொன்னபோது ஒரு மூத்த உறுப்பினர் என்னைப் பார்த்துக் கேட்டார்: 'தமிழையே தப்பாக எழுதினால் அப்புறம் தமிழ்ப் போட்டி எதற்கு சார்? சிந்தனைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இருக்கிறதே.' நல்ல மனிதர். சங்கத்துக்காக ஓடி ஓடி உழைப்பவர். அவர் சொன்னதில் முதல் பாதி நியாயம். ல, ள, ழ பேதம் தெரியாமல் எழுதுவதை நான் சரி என்று சொல்லவில்லை. பேச்சுத் தமிழை அப்படியே எழுதுவதும் எனக்குச் சம்மதமில்லை. மாவ்ஷி, டிரம் என்று புழங்கும் பெயர்கள் இருக்கட்டும், வாக்கியம் எழுத்துத் தமிழில்தான் அமைய வேண்டும். ஆனால் இருபத்தேழு பிழையையும் அந்தப் பெண்ணை அருகில் உட்கார வைத்து அரை மணி நேரத்தில் நான் திருத்திக் காட்ட முடியும். முதல் பரிசு வாங்கிய தாளில் இல்லாத ஒன்றை அதில் என்னால் வைக்க முடியுமா?

அவர் சொன்ன இரண்டாம் பாதிதான் என்னைச் சுட்டது. சிந்திக்க ஆங்கிலம், மேடைக்குத் தமிழ். நாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் வீட்டில் அப்படித்தான் நடத்துகிறோம். குழந்தை தன் மனதில் இருப்பதைத் தமிழில் எழுதிப் பார்த்ததே இல்லை என்றால், அந்த மொழி பட்டுப்பாவாடை மாதிரி: பொங்கலுக்கு எடுப்போம், மடித்து வைப்போம்.

பயன் என்ன என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு தகவலும் சொல்லிவிடுகிறேன். ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட குடிமைப் பணிகளின் முதன்மைத் தேர்வில் 1993 முதல் கட்டுரைக்கென்றே ஒரு தாள் உண்டு. இப்போது மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை, 250 மதிப்பெண். அதைத் தமிழிலும் எழுதலாம். அங்கே தலைப்பு முன்கூட்டித் தெரியாது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து எழுதச் சொல்வார்கள். மனப்பாடம் அங்கே வாசல்வரைகூட வராது. ஆனால் எல்லாப் பிள்ளையும் கலெக்டராக வேண்டியதில்லை, அதற்காக மட்டும் நான் இதைக் கேட்கவும் இல்லை.

எதற்காகக் கேட்கிறேன் என்பதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். 1994-இல் இதே பொங்கல் போட்டியில் என் மகன் முதல் பரிசு வாங்கினான். தலைப்பு 'ஒற்றுமை'. நான் எழுதிக் கொடுத்தேன். ஆபீசிலிருந்து வந்து மூன்று இரவு உட்கார்ந்து, பாரதியிலிருந்து இரண்டு மேற்கோள், புறாக்கூட்டம் வலையோடு பறந்த கதை எல்லாம் சேர்த்து எழுதினேன். அவன் மனப்பாடம் செய்து மண்டபத்தில் பிழையில்லாமல் இறக்கிவைத்தான். பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா, பெயர் பொறித்தது. இன்னும் எங்கள் சமையலறையில் கடுகு போட்டு வைத்திருக்கிறோம். அன்று என் மனைவி, 'நீங்கள் வாங்கினீர்களா, அவன் வாங்கினானா?' என்று கேட்டபோது நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

போன வருடம் என் அண்ணாவுக்குச் சதாபிஷேகம். குடும்ப மலர் ஒன்று போட்டோம். மகன் புனேயில் இருக்கிறான், பெரிய வேலை. அவனுடைய பெரியப்பாதான் அவனுக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுத்தவர், கோடை விடுமுறை முழுக்கத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். 'பெரியப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புடா' என்று போனில் சொன்னேன். அவன் தயங்காமல் சொன்னான்: 'நீங்களே எழுதிடுங்கப்பா. என் பேரைப் போட்டுக்கோங்க.'

எழுதினேன். அவன் பெயரைப் போட்டேன். அண்ணா அதைப் படித்துவிட்டு, 'பையன் என்னமா எழுதியிருக்கான்!' என்று கண் கலங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று நான் மூன்று இரவு செய்த வேலையை இப்போது கைப்பேசியே மூன்று நிமிடத்தில் செய்து தருகிறது. தலைப்பைச் சொன்னால் போதும், குறளோடு சேர்த்துக் கட்டுரை வந்துவிடும். இனிமேல் ஒரு மாதம் முன்னால் தலைப்பை அறிவித்துப் போட்டி வைப்பதில் எந்த அர்த்தமும் இல்லை என்று நினைக்கிறேன். ஆகவே அடுத்த பொங்கல் போட்டிக்குச் செயற்குழுவின் முன் என் யோசனையை வைக்கிறேன். தலைப்பை அன்றே, மண்டபத்திலேயே, கரும்பலகையில் எழுதுவோம். தலைப்பு பிள்ளைகளின் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும்: எங்கள் கட்டடத்துப் படிக்கட்டு, லோக்கல் ரயிலில் ஒரு பெட்டி, ஊரிலிருந்து வரும் பார்சல். முதல் கால் மணி நேரம் துண்டுத் தாளில் திட்டமிட மட்டும். அந்தத் தாளையும் சேர்த்து வாங்கி, நூற்றுக்கு இருபது மதிப்பெண் அதற்கே கொடுப்போம். எழுத்துப் பிழைக்குக் கழிப்பது பத்து மதிப்பெண்ணைத் தாண்டக் கூடாது. திருத்திய தாளைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்து, பிழைகளைச் சரிசெய்து மறுபடி எழுதிக் கொண்டு வரச் சொல்வோம். நன்றாக வந்தவற்றை இந்த இதழிலேயே போடலாம். நடுவர்களும் எல்லாத் தாளையும் முழுக்கப் படிக்க வேண்டும். அது எனக்கு நானே போட்டுக்கொள்ளும் விதி.

சயான் கோலிவாடாப் பெண்ணின் தாள் என்னிடம்தான் இருக்கிறது. சங்க அலுவலகத்தில் கேட்டு அவள் வீட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கினேன். அவள் அம்மாவிடம் பேசினேன். முதலில் பயந்துவிட்டார், பெண் ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்று. பிறகு, பொழுது சாய்ந்து ஏழு மணிக்கு மேல் வாருங்கள் சார், காலையில் தண்ணீர் வேலை இருக்கும் என்றார். வருகிற சனிக்கிழமை போகிறேன். சிவப்புப் பேனா வேண்டாம், பென்சில் எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு செயற்குழுக் கூட்டம். என் யோசனையை மறுக்க நினைப்பவர்கள் அவசியம் வர வேண்டும். யோசனை ஏற்கப்பட்டால், போட்டியன்று பெற்றோருக்கு மண்டபத்தில் இடமில்லை. கீழே காபிக்கு ஏற்பாடு செய்துவிடலாம்.